முன் சில்லுக்குப் பாரம்

முல்லைத்தீவு,
வியாழக்கிழமை.

அன்புத் தம்பி றிஷாட்டுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கட்டார் வெயிலில் வெல்டிங் வேலை செய்யும் உனக்கு அல்லாஹ் நல்ல சுகத்தைத் தருவானாக. எங்கள் வீட்டில் இருப்பது உன் மச்சான் ஹமீடின் போன் மட்டும்தான். அதில் கதைத்தால் அவருக்குக் கேட்கும். அதனால் இதை எழுதிப் பக்கத்து வளவு றிம்ஸியாவிடம் கொடுக்கிறேன். அவள் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள்.

மகள் பஸ்லியாவுக்குப் பிள்ளைப்பேற்று மாதம் நெருங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நான் வவுனியாவுக்கு அவளிடம் போக வேண்டும். பிள்ளைக்கு உடுப்பெல்லாம் தைத்துவிட்டேன். ஆனால் இங்கிருந்து காலெடுத்து வைக்கவே பயமாக இருக்கிறது.

நாங்கள் இடம்பெயர்ந்து புத்தளத்தில் கிடந்த காலத்தில் காணியில் வளர்ந்த மரமெல்லாம் வெட்டியாயிற்று. அடிக்கட்டைகள்தான் மிச்சம். மழைக்கு முன் விதைக்காவிட்டால் வன இலாகாக்காரர் காணியைக் காடென்று எழுதிவிடுவார்கள் என்று உன் மச்சானுக்கு ஒரே யோசனை. பரந்தனில் பழைய இரும்புக் கடையொன்றில் லொறிச் சட்டத் துண்டுகளை வாங்கிவந்து, ட்ரக்டரின் பின்னால் பூட்டிக் கட்டை பிடுங்கத் தானே ஒரு கொழுக்கி செய்திருக்கிறார். வேலையில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கொழுக்கியை என் நெஞ்சளவு உயரத்தில் வெல்டிங்கால் ஒட்டிவைத்திருக்கிறார். கீழே கட்டினால் சங்கிலி வழுக்குமாம், மேலே கட்டினால்தான் கட்டை வேரோடு கிளம்புமாம்.

கிளம்பியது ட்ரக்டரின் முன் சில்லுதான் தம்பி. பாலைமரக் கட்டை ஒன்றில் சங்கிலியைப் போட்டு இழுத்தபோது இரண்டு சில்லும் நிலத்தை விட்டு எழும்பின. ட்ரக்டர் மல்லாந்து அவர் மேல் விழப்போகிறதென்று கத்திக் குழறிவிட்டேன். மனுசன் இறங்கிவந்து சிரிக்கிறார். முன்னுக்குப் பாரம் காணாதாம். நீ ஏறி நில்லு, எல்லாம் சரிவரும் என்றார்.

நானும் ஏறினேன். அன்றிலிருந்து முன் பம்பரில் நின்று, கொதிக்கிற இயந்திர மூடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, அவரைப் பார்த்தபடி கலிமா சொல்கிறேன். இந்த வயதில் உன் ராத்தா சர்க்கஸ்காரியாகிவிட்டாள். அடுத்த காணி வீரபாகு அண்ணன் கண்டுவிட்டு, இது கூடாத வேலை என்று ஏசினார். அவருக்கும் உன் மச்சானின் சிரிப்புத்தான் பதில். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு என் இடத்தில் கல்லு மூட்டை கட்டுவாராம்.

ஏன் ஏறினாய் என்று நீ ஏசுவாய். முன் சில்லு எழும்பும்போது அவர் என் முகத்தைப் பார்க்கிறார். பார்த்ததும் மிதிக்கிற காலை எடுத்துவிடுகிறார். அதற்காகத்தான் ஏறுகிறேன். கல்லு மூட்டையைப் பார்த்து யார் காலை எடுப்பார்?

இரும்பு வேலையில் நீ சொன்னால் அவர் கேட்பார். ஞாயிறுக்கு முன் போன் எடுத்து, காணி வேலையை விசாரிப்பதுபோலக் கதைத்து, கொழுக்கியைப் படம் பிடித்து அனுப்பச் சொல். பிறகு நீயாகக் கண்டதுபோல, பின் அச்சுக்குக் கீழே இறக்கி ஒட்டச் சொல். நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே.

அதற்கும் அவர் கேட்காவிட்டால், உம்மா வரமாட்டா என்று பஸ்லியாவிடம் நீயே சொல்லிவிடு. ஏனென்று மட்டும் அவளுக்குச் சொல்லாதே. என் பிள்ளையை அல்லாஹ் பார்த்துக்கொள்வான். இவரை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உனக்காக என்றும் துஆ கேட்கும்
ராத்தா றம்லா