பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தவள்

என் மாரிக்கு,

எழுதுவதற்கே முதலில் மன்னித்துக்கொள். நீ நீளநீளமாக அனுப்பிய செய்திகளுக்கெல்லாம் ‘ம்’ என்று மட்டும் பதில் போட்டவள் நான். இப்போது பக்கக்கணக்கில் எழுதுகிறேன், அதுவும் எல்லோரும் படிக்கும்படி. நீ பார்த்தால் சிரிப்பாய். சிரித்துக்கொள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வருகிறது.

ஐந்து நாள் காய்ச்சலில் நீ போய்விட்டாய். அதன்பிறகு நீ சொன்னபடியே நடந்துவிட்டது. சென்னைக் கம்பெனிக்காக நாம் இருவரும் வீட்டிலிருந்தே எழுதிக்கொடுத்தோமே ஒரு டிரைவர், கம்ப்யூட்டருக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் நின்று பேசும் அந்தப் புரோகிராம், வாடிக்கையாளர் இடத்தில் கவிழ்ந்துவிட்டது. ஹைபர்னேட்டில், அதாவது செய்த வேலையை அப்படியே டிஸ்க்கில் எழுதிவைத்துவிட்டு முழுதாக அணையும்படி, போட்ட மெஷின்கள் திரும்ப எழவில்லை. எழுந்த ஒன்றிரண்டிலும் ஃபைல்கள் சிதைந்து கிடந்தன.

இதை நீ முன்பே பார்த்துவிட்டாய். நம் ஊர் பாலவனத்தத்தில் அன்று மாதாந்திர மின்தடை. கம்பெனி உனக்குக் கொடுத்திருந்த சோதனைப் பெட்டி, பேட்டரி இல்லாத, டிபன் டப்பா அளவுக் கம்ப்யூட்டர். காலையில் அதை ஹைபர்னேட்டில் போட்டாய். சாயங்காலம் கரண்ட் வந்தபின் அது எழவில்லை. அதைப் புகாராகப் பதிந்துவிட்டு, மறுநாள் ஆன்லைன் மீட்டிங்கிலும் சொன்னாய்.

மேனேஜர் சிரித்தார். “அது உங்க ஊர் கரண்ட் பிரச்சனைம்மா. இங்க லேப்ல எத்தனையோ தடவ ஓட்டியாச்சு. ஒரு தடவகூட விழல.”

“கரண்டு முழுசாப் போனாத்தான சார் ஹைபர்னேட்டு? உங்க லேப்ல பிளக்க யாரு சார் பிடுங்குனா?” என்றாய்.

யாரோ களுக்கென்று சிரித்தது எனக்குக் கேட்டது. அவருக்கும் கேட்டிருக்கும். அன்றே உன் புகாரை மூடச் சொல்லிவிட்டார்.

அங்கே யாரும் பிளக்கைப் பிடுங்கியதில்லை. அணைத்த பிறகும் டிஸ்க்குக்குக் கொஞ்சம் கரண்ட் போய்க்கொண்டே இருந்தது; அதனால் அது எதையும் மறக்கவில்லை. நம் ஊரில் மறந்தது. நீதான் எனக்குப் புரியும்படி போனில் சொன்னாய்: “ஏடி செல்வி, கரண்டு போனதும் அந்த டிஸ்க்கு எல்லா ஏற்பாட்டையும் மறந்துருது. நம்ம டிரைவரு, நேத்துப் பேசுன ஆளுதானன்னு பாதியிலருந்து பேச ஆரம்பிக்குது. அது பேந்தப்பேந்த முழிக்காம என்னடி செய்யும்? பேரு ஊரு சொல்லி முதல்லருந்து பேசணும்டி.”

அந்தத் திருத்தத்தை நீயாகவே எழுதினாய். “திருத்தத்த ஏத்தி, பெட்டிய ஹைபர்னேட்டுல போட்டு, பிளக்கப் பிடுங்கிட்டேன். நாளைக்குப் போட்டுப் பாத்துட்டுக் காட்டுறேன்” என்றாய். அன்று மாலைதான் உனக்குக் காய்ச்சல்.

உன்மேலும் எனக்குக் கோபம்தான், மாரி. அந்த அரைகுறைத் திருத்தத்தை எனக்கு ஒரு பிரதி அனுப்பியிருந்தால் என்ன? ஆனால் நானும் அனுப்பியிருக்க மாட்டேன். நம் வீடுகளில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆட்கள் நாம். பாதி வேலையைக் காட்டினால் ‘இவளுக்கு வராது’ என்று சொல்லிவிடுவார்களோ என்று பயம். ஓடிய பிறகுதான் காட்டுவோம். அதற்குள் இரண்டு வரி இங்கிலீஷைப் பத்துத் தடவை திருத்துவோம். மற்றவர்கள் எல்லோரும் ஓடாததைக் கூசாமல் அனுப்பி உதவி கேட்டார்களே, அதைப் பார்த்தும் நாம் ஏன் கற்றுக்கொள்ளவில்லை?

போன வாரம் மீட்டிங். மேனேஜர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “பாவம், அந்தப் பொண்ணு பாதில விட்டுட்டுப் போயிருச்சு. அவங்க எழுதின பகுதியிலதான் தப்பு” என்றார். உனக்காக ஒரு நிமிடம் எழுந்து நின்ற அதே ஆட்கள், சரியென்று தலையாட்டினார்கள். என் மைக் மூடியிருந்தது. விரல் அந்தப் பட்டன்மேலேயே இருந்தது. அழுத்தவில்லை. மீட்டிங் முடிந்தபின் அழுத்தினேன். யாருக்கு?

நேற்று உங்கள் வீட்டுக்குப் போனேன். மில்லில் ஷிப்ட் முடிந்து வந்த உன் அம்மா, கையில் ஒட்டிய பஞ்சைக்கூடத் தட்டாமல் கேட்டார்கள்: “எம்புள்ள செஞ்ச வேலையில தப்பாமே? பெட்டியத் திருப்பிக் கேட்டுப் போன் பண்ணவுக சொன்னாக. அப்படியா ஆத்தா?”

உன் அம்மாவிடமே சொல்லியிருக்கிறார்கள், மாரி. அதுவும் பெட்டி கேட்ட போனிலேயே.

“இல்லம்மா. அவ சொன்னதத்தான் இவுக கேக்கல” என்றேன். அதையும் முணுமுணுத்துத்தான் சொன்னேன்.

பெட்டி பீரோவில் இருக்கிறது, உன் பச்சைத் துப்பட்டா சுற்றி. திங்கட்கிழமை கூரியர் ஆள் வருகிறான். சென்னை போனதும் எல்லாவற்றையும் அழித்து வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். தப்பு உன்னுடையது என்று உன் பெயரைப் போட்ட அறிக்கையிலும் அன்றுதான் கையெழுத்து. திருத்தத்தின் கடைசி வரிகளை நீ சேமித்தாயா என்பது எனக்குத் தெரியாது. பெட்டி எழுந்தால் அவை இருக்கும். இத்தனை நாள் பொட்டுக் கரண்ட் இல்லாமல் கிடந்த பெட்டி எழுவதைவிட வேறு சாட்சி வேண்டுமா? எழாவிட்டால், அந்த வரிகளும் போய்விடும்.

ஒரு வாக்குக் கொடுக்கிறேன். திங்கட்கிழமை மீட்டிங்கில் கேமராவும் போடுவேன், மைக்கும் திறப்பேன். பெட்டி எழுந்தாலும் எழாவிட்டாலும், மூடச் சொன்ன புகார் எது, சொன்னவர் யார் என்று அவர் முகத்துக்கு நேரே கேட்பேன். குரல் நடுங்கும். நடுங்கட்டும். திருத்தம் கிடைத்தால் உன் பெயரிலேயே போகும், உன் இங்கிலீஷில் ஒரு எழுத்தும் மாற்றாமல்.

கடைசியாக ஒன்று. இதைக் கேட்கத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன். பெட்டியைப் போடலாமா என்று உன் அம்மாவிடம் கேட்டேன். “போட்டா அவ விட்டுட்டுப் போனபடியே இருக்குமா?” என்றார்கள். “ஒரே ஒரு தடவ அப்படியே வரும்மா. அப்புறம் அதுபாட்டுக்கு ஓட ஆரம்பிச்சுரும்” என்றேன். பீரோவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, “அவகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்க” என்றார்கள்.

கேட்கிறேன், மாரி. நீ முடிக்காத வேலையை நான் பார்க்கட்டுமா? அரைகுறையாக இருந்தாலும் சிரிக்க மாட்டேன்.

உனக்கு இரண்டு மாதம் இளைய தங்கச்சி,
செல்வி