கும்மியும் ஓடுற எக்ஸ்ரேயும்

ஆவணி 3, செவ்வாய்

காலையிலிருந்து மலைக்காற்று. கொடியில் போட்ட துணி பாதி பக்கத்து வீட்டு மாடியில். நான் ஏறி எடுக்க முடியாது, ஏறினால் அன்று முழுக்க இடுப்பு விடாது. இவர் லோடு ஆட்டோவை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சாயங்காலம் வந்து எடுத்துத் தரட்டும்.

மில்லிலிருந்து போன். வரச் சொன்னார்கள். விழுந்ததிலிருந்து லீவில் இருக்கிறவளை எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்று அப்போதே ஒரு மாதிரி இருந்தது. சூப்பர்வைசர் (இனி சூ., முழுசாக எழுத மனமில்லை) உட்காரச் சொல்லவில்லை. போனை நீட்டினார். வீடியோ. எங்கள் அம்மா ஊர் கூமாப்பட்டி, முளைப்பாரி. பச்சைச் சேலையில் ஒருத்தி குனிந்து நிமிர்ந்து கும்மி அடிக்கிறாள். சிரிப்பு வேறு. நான்தான்.

"இது யாரும்மா? ஒங்க அக்காவா?"

முளைப்பாரிக்கு முந்தின நாள் வலிக்கு ஊசி போட்டிருந்தேன். வலி இல்லாத ஒரு பொழுது கிடைத்தது, ஆசைக்கு ரெண்டு சுற்று ஆடினேன். அதற்குப் பிறகு படுத்துக் கிடந்ததை யாரும் வீடியோ எடுக்கவில்லை. இதைச் சொன்னேன். சூ. கேட்டமாதிரி தெரியவில்லை.

"சாதா எக்ஸ்ரேல ஒண்ணுமில்லன்னு வந்துருச்சு. ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஓடுற எக்ஸ்ரே இருக்கு. குனியும்போதும் நிமிரும்போதும் எலும்பு எப்பிடிப் போகுதுன்னு அளந்துருவாக. கோளாறு இருந்தா பேக்கிங்ல உக்காந்து லேபிள் ஒட்டுங்க. இல்லைன்னா பழையபடி ஸ்பின்னிங். அதுவும் முடியாதுன்னா வீட்ல இருங்க."

ஸ்பின்னிங் என்றால் ஷிப்டு முழுக்க நிற்க வேண்டும், பஞ்சுக் கேனைத் தள்ள வேண்டும். கேன் தள்ளும்போதுதான் வழுக்கி உட்கார்ந்த வாக்கில் தரையில் விழுந்தேன். திரும்ப அங்கே போனால் நான் அவ்வளவுதான்.

வீடியோவை அனுப்பியது யார்?

ஆவணி 5, வியாழன்

காற்று நிற்கவில்லை. இட்லி மாவு புளித்துவிட்டது.

யார் யார் அனுப்பியிருக்கலாம்:
மாரியம்மாள். கூட வேலை பார்ப்பவள். பேக்கிங் இடத்துக்கு அவளும் கேட்டிருக்கிறாள். அவள் அத்தை வீடு கூமாப்பட்டியில்.
நாத்தனார். அவளுக்கு என்னைப் பிடிக்காது, ஆனால் போனில் படம் அனுப்பத் தெரியாது.
மாரியம்மாள்தான்.

மத்தியானம் அவளே வந்தாள். கையில் முறுக்கு. "எப்பக்கா போற? கூட வரவா? ஒத்தையில போகாத." எதற்கு இத்தனை அக்கறை? நான் போகிற நாளைத் தெரிந்துகொண்டு யாரிடம் சொல்லப் போகிறாள்? இன்னும் முடிவாகவில்லை என்று சொல்லி அனுப்பினேன். முறுக்கு தெரு நாய்க்கு.

இவரும் சரியில்லை. போனைக் கவிழ்த்து வைக்கிறார். நான் உள்ளே வந்தால் பேச்சு நிற்கிறது. சனிக்கிழமையே போயிரலாம் என்று இவருக்குத்தான் அவசரம்.

"போய்த்தான் பாப்பமேட்டி. அவிய என்ன ஒன்னயக் கொல்லவா போறாவ?"

அந்த மிஷினைப் பற்றி எனக்கு நிச்சயமாகத் தோன்றுவது ஒன்றுதான். என்னைப் பிடித்துக் கொடுக்க வைத்திருக்கிறார்கள். கும்மியில் குனிந்தாளே, இங்கேயும் குனிகிறாளா என்று பார்ப்பார்கள். குனிந்தால் தொலைந்தேன்.

பீரோக் கண்ணாடி முன்னால் நின்று பழகினேன். தலையை மட்டும் தாழ்த்துவது. இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொள்வது. நன்றாகவே வருகிறது.

ஆவணி 7, சனி

ஸ்ரீவி. போய் வந்தாயிற்று. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது, ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஏண்டா கிடைத்தது என்று இருந்தது. இறங்கியதும் இவர் பால்கோவா வாங்கினார். இன்னும் ஆஸ்பத்திரி வாசலைக்கூட மிதிக்கவில்லை. எதைக் கொண்டாட?

உள்ளே மில் அனுப்பிய ஆள் ஒருத்தர் எங்களுக்கு முன்னாலேயே வந்து டாக்டர் அறையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். எல்லாம் பேசி வைத்தது என்பதற்கு இது போதாதா?

மிஷினைப் பார்த்துக்கொள்கிற பொண்ணு சின்ன வயசு, கனமான ஈயக் கோட்டு மாட்டியிருந்தது. "முழுகாம இருக்கீங்களாக்கா?" இல்லை என்றேன். இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அதிலுமா சந்தேகம்?

பின்பக்கம் நாடா கட்டுகிற ஓர் அங்கி கொடுத்தார்கள். வளைந்த இரும்புக் கை ஒன்று என்னைச் சுற்றி நின்றது. எதிரே திரை. அதில் சாம்பல் நிறத்தில் என் இடுப்பெலும்பு, அடுக்கி வைத்த கட்டைகள் மாதிரி. மூச்சு விட்டால் லேசாக ஏறி இறங்கியது. பயமாக இருந்தது. எனக்குள்ளே இருக்கிறதை எனக்கு முன்னாலேயே மற்றவர்கள் பார்க்கிறார்கள்.

"மெதுவாக் குனிங்க. முடிஞ்ச மட்டும் குனிஞ்சா போதும்."

பழகியபடியே செய்தேன். தொடையிலிருந்து கொஞ்சம் சாய்ந்தேன், கழுத்தைத் தாழ்த்தினேன். இடுப்பை விடவே இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

டாக்டர் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார். "எலும்பு அசையவே இல்லையேம்மா."

"ஆமா சார். அம்புட்டு வலி."

"அசையலைன்னா கோளாறு இல்லைன்னுதான் வரும். குனியும்போது ஒரு எலும்பு எடத்த விட்டு வழுக்குதான்னு பாக்கத்தானே குனியச் சொன்னோம்."

மில் ஆள் டீ கிளாஸைக் கீழே வைத்தார். முகத்தில் நிம்மதி.

அப்படியே நின்றேன்.  எவ்வளவு குனிகிறேன் என்று பார்ப்பார்கள் என்று நான் நினைக்க, அவர்கள் தேடியது வேறு. நானே என் இடுப்பைப் பிடித்து மறைத்திருக்கிறேன்.

அந்தப் பொண்ணுதான் பேசியது. "சார், இவங்க பிடிச்சிக்கிட்டாங்க. தொடை மட்டுந்தான் சாஞ்சிருக்கு." டாக்டர் திரும்பவும் ஓட்டினார். தலையாட்டினார். மில் ஆளிடம் இன்றைக்கு எதுவும் எழுதித் தர முடியாது என்றார். செவ்வாய்க்கிழமை திரும்ப வரவேண்டும். அன்றைக்குப் படுக்க வைத்து, மேசையே இடுப்பை மடக்கி நிமிர்த்துமாம். நான் ஒன்றும் செய்ய வேண்டாமாம். உடம்பை விட்டுக் கொடுத்தால் போதுமாம்.

யாரை நம்பி விட்டுக் கொடுப்பது?

ஆவணி 8, ஞாயிறு

காற்று கொஞ்சம் அடங்கியிருக்கிறது. கறி எடுக்கவில்லை. சமைக்க நிற்க முடியவில்லை, ரசம்தான்.

தங்கச்சி கூமாப்பட்டியிலிருந்து போன் பண்ணினாள். ஏதேதோ பேசிவிட்டு, "நீ கும்மி அடிச்சத அத்தான் ஸ்டேட்டஸ்ல வச்சிருந்தாகள்ல, பாத்து எம்புட்டு சந்தோசம் தெரியுமாக்கா" என்றாள்.

அத்தான் என்றால் இவர்தான். என் வீட்டுக்காரர். நான் விழுந்தபோது லீவு சொல்ல இவர்தான் சூ.வுக்குப் போன் பண்ணினார். இவர் ஸ்டேட்டஸ் வைத்தால் சூ.வுக்கும் தெரியும். மாரியம்மாளை நினைத்துக்கொண்டேன். நல்ல முறுக்கு.

சாப்பிட்டுக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன். கை தட்டிலேயே நின்றது.

"நீ எந்திரிச்சு ஆடுனியேட்டி. பழைய மாதிரி சிரிச்ச. நாலு பேரு பாக்கட்டும்னு வச்சேன். அவரு பாப்பாருன்னு எனக்கென்ன தெரியும்? மறுநாளே போன் பண்ணிக் கேட்டாரு. ஒங்கிட்டச் சொல்லப் பயமா இருந்துச்சு."

அதுகூடப் பரவாயில்லை. புத்தி கெட்ட சந்தோஷம், போகட்டும். அவர் கேட்டபோது நீங்க என்ன சொன்னீய என்று கேட்டேன்.

ரசத்தைச் சோற்றில் விட்டுப் பிசைந்தார்.

"எனக்குந் தெரியலன்னு சொன்னேன்."

"என்ன தெரியல?"

"வலி நெசமான்னு. ஆடுனியே, அதான்..."

ரசச் சட்டியைப் போட்டு உடைத்திருப்பேன், குனிந்து பொறுக்க முடியாது என்றுதான் விட்டேன். கூடப் படுக்கிற மனுஷன். ராத்திரி நான் புரண்டு படுக்க முடியாமல் முனகுவதைக் கேட்கிற மனுஷன். அதற்குத்தான் சனிக்கிழமைக்கு அவசரம். சூ.வுக்கு இருந்த அதே சந்தேகத்தோடுதான் இவரும் என் பக்கத்தில் பஸ்ஸில் உட்கார்ந்து வந்திருக்கிறார்.

சாயங்காலம் வரை அழுதேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் அழுதேன்.

ஆவணி 10, செவ்வாய்

வெயில். காற்றே இல்லை. ஸ்ரீவி.யிலிருந்து இப்போதுதான் வந்தோம். மறப்பதற்குள் எழுதிவிட வேண்டும்.

இவரை வர வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. மில் ஆள் இன்றைக்கும் இருந்தார். அவரையும் இவரையும் டாக்டரோடு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்க வைத்தார்கள். இன்றைக்குத் திரையும் அந்தப் பக்கம்தான். ஒருக்களித்துப் படுத்திருந்த எனக்குத் தெரிந்தது மூன்று முகங்கள்.

மேசையின் கால்பக்கம் மெல்ல மடங்கியது. உடனே இடுப்பு தானாக இறுகியது. இந்தத் தடவை நான் இறுக்கவில்லை, சத்தியமாக.

"பிடிக்கிறீங்கக்கா. விடுங்க."

"விடத்தான் பாக்கேன். வர மாட்டேங்குது."

அந்தப் பொண்ணு மிஷினை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் வந்து முதுகில் கை வைத்தது. எதையும் யோசிக்காதீங்க, ஏதாவது பாட்டு முணுமுணுங்க என்றது. எனக்கு வாயில் வந்தது கும்மிதான். வேறு பாட்டே வரவில்லை. எந்தக் கும்மியால் இங்கே வந்து கிடக்கிறேனோ அதையே முணுமுணுத்தேன். எந்த இடத்தில் இடுப்பு விட்டுக்கொடுத்தது என்று தெரியாது. மேசை மடங்கியது, நானும் மடங்கினேன். உள்ளே ஏதோ ஒன்று நழுவியது. வலியில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பாட்டை நிறுத்தவில்லை.

கண் தெளிந்தபோது கண்ணாடியைப் பார்த்தேன். மில் ஆள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் விரலால் திரையில் ஏதோ காட்டினார். இவர் திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. இவருடைய கை மெதுவாகப் போய்த் தன் இடுப்பைப் பிடித்துக்கொண்டது.

கீழ் எலும்புக்கு மேலே இருக்கிற எலும்பு ஒவ்வொரு தடவை மடங்கும்போதும் முன்னால் வழுக்கிப் போய், நிமிரும்போது திரும்ப இடத்துக்கு வருகிறதாம். நேராக நிற்க வைத்து எடுத்தால் இடத்தில் இருக்கும், அதனால்தான் சாதா எக்ஸ்ரேயில் தெரியவில்லையாம். பெல்ட்டு போட வேண்டும், பயிற்சி செய்ய வேண்டும், கனம் தூக்கவே கூடாது. உட்கார்ந்து செய்கிற வேலைதான் என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். கெட்டுப்போன எலும்பைப் பற்றி அவர் சொல்லச் சொல்ல நான் சிரித்துக்கொண்டிருந்தேன். பைத்தியம் என்று நினைத்திருப்பார்.

பஸ்ஸில் இவர் டிக்கெட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு, "எப்பருந்துட்டி இப்பிடி இருக்கு?"

"விழுந்த அன்னைலருந்து. சொன்னேன்ல."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கண்ணைத் துடைத்தாரா, தூசியா, தெரியாது. எனக்குப் பார்க்கவும் மனமில்லை. பிறகு போனை எடுத்துக் காட்டினார். அந்தப் பொண்ணிடம் கேட்டு அந்தப் படத்தை வாங்கி வைத்திருக்கிறார். என் எலும்பு முன்னால் போகிறது, பின்னால் வருகிறது.

"ஸ்டேட்டஸ்ல வைக்கேன். கும்மியப் பாத்தவிய எல்லாம் இதையும் பாக்கட்டும்."

போனைப் பிடுங்கி என் பையில் போட்டுக்கொண்டேன். ஊருக்குக் காட்ட வேண்டாம். இவர் பார்த்தது போதும். பார்க்காமலே நம்பியிருக்கலாம்.