நீ வாசிக்காமல் காட்டிய கதை

இன்று பள்ளிக்கு ஒரு கட்டுப் புதிய படப் புத்தகங்கள் வந்தன. பிரித்ததும் மையும் பசையும் கலந்த அந்த வாசம் எழுந்தது. உடனே நீ பக்கத்தில் வந்து நின்றுவிட்டாய். எந்தப் புத்தகத்தையும் முதலில் முகர்ந்து பார்ப்பவள் நீதானே.

நாம் இருவரும் ஓய்வு பெற்ற ஆண்டில்தான் கீழக்குயில்குடிப் பக்கத்துத் தொடக்கப் பள்ளிக்குப் புதன்கிழமைதோறும் கதை வாசிக்கப் போக ஆரம்பித்தோம். மதியச் சாப்பாடு முடிந்த நேரம். மலைப்பக்கமிருந்து மயில் அகவும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பாதிக் கண் மூடியபடி உன்னைப் பார்ப்பார்கள். தண்ணீர் குடிக்கக் குளத்துக்கு இறங்கி வரும் மேகத்தின் கதையை நீ வாசித்தால், வகுப்பறையே தரையை விட்டுக் கொஞ்சம் எழும்பியதுபோல இருக்கும்.

“எங்க கம்மாய்க்கும் வருமா டீச்சர்?”

“வரும். சத்தம் போடாம இருந்தா வரும்.”

ஒரு பக்கத்தைத் திருப்ப அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வாய். நான் அவசரப்படுத்தினால், “எங்க வீட்டுல சௌராஷ்டிராதான்டி பேசுவோம். ஒண்ணாப்பு சேந்தப்ப டீச்சர் சொன்னது ஒரு வார்த்தை புரியல. படத்தைப் பாத்துப் பாத்துத்தான் தப்பிச்சேன்” என்பாய்.

பிறகு உன் தொண்டையில் கட்டி வந்தது. அறுவை சிகிச்சையோடு குரலும் போய்விட்டது.

“இனிமே நீ அலைய வேணாம்டி, நான் பாத்துக்கிறேன்” என்றேன். நீ கைபேசியில் தட்டிக் காட்டினாய்: “நீ வாசி. நான் படம் காட்டுறேன்.”

அடுத்த புதன்கிழமை மேகப் புத்தகத்தை விரித்தாய். நான் வாயைத் திறந்தேன். நீ கையை உயர்த்தி நிறுத்தினாய். எனக்குச் சுருக்கென்றது. உன் இடத்தில் இன்னொரு குரலை உன்னால் தாங்க முடியவில்லை என்று நினைத்தேன், கோபம்கூட வந்தது. நீ பாட்டுக்குப் பக்கங்களைத் திருப்பிக்கொண்டிருந்தாய். மின்விசிறிச் சத்தம் மட்டும். குளக்கரையில் மேகம் தூங்கும் பக்கம் வந்தது.

“அது தூங்கல. அழுவுது.”

சுவரோரமாக உட்கார்ந்திருந்த முத்துமாரி. பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து யாரிடமும் ஒரு சொல் பேசாதவள். நீ அசையாமல் அவளையே பார்த்தாய்.

“அதுக்கு வீட்டுக்குப் போகணும். வழி தெரியல” என்றாள்.

உன் கண் நிறைந்தது. தலையை ஆட்டிவிட்டு மெதுவாக அடுத்த பக்கத்துக்குப் போனாய். அதற்குப் பிறகு எல்லாப் பிள்ளைகளும் பேசினார்கள். மேகத்துக்கு ஆளுக்கொரு வழி சொன்னார்கள். நீ கையை உயர்த்தி என்னை நிறுத்தியது எதற்கென்று அப்போதுதான் புரிந்தது.

திரும்பும் பேருந்தில் தட்டிக் காட்டினாய்: “அவ சொன்னதுதான்டி சரி. இம்புட்டு நாளா நான்தான் தப்பா வாசிச்சிருக்கேன்.” தோள் குலுங்கச் சத்தமில்லாமல் சிரித்தாய். அடுத்த பொங்கலுக்கு நீ இல்லை.

என் வாய் உனக்குத் தெரியும். அடுத்தவர் பேச்சை நானே முடித்துவைக்காவிட்டால் எனக்கு இருப்புக்கொள்ளாது. நேற்று வெளிநாட்டிலிருந்து மகன் கூப்பிட்டான். “அம்மா…” என்றவன் அதோடு நின்றுவிட்டான். முன்பென்றால் உடம்பு சரியில்லையா, சாப்பிட்டியா என்று அடுக்கியிருப்பேன். நேற்று அடுக்கவில்லை. கைபேசியைக் காதோடு வைத்துக்கொண்டு, அன்று நீ இருந்ததுபோலச் சும்மா இருந்தேன்.

நெடுநேரம் கழித்து, “இங்க ரொம்பத் தனியா இருக்கும்மா” என்றான்.

அதன் பிறகு அவன்தான் பேசினான். விடியும்வரை பேசினாலும் கேட்டிருப்பேன்.