சைரன் கேட்டவன்

2019

ஜூலை 2, செவ்வாய்

நடுக் குளிர்காலம், உறைபனி. தண்ணீர்க் குழாய் இறுகிக் கிடந்தது, வெயில் ஏறிய பிறகுதான் சொட்டியது. ஆட்டுக்குட்டி இரண்டு போய்விட்டன. நான் பார்த்துவிட்டு வருகிறேன் என்று என் கணவன் கெல் கிளம்பினான். ஒரு பூட்ஸை மாட்டினான், மற்றதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். கணையத்தில் தொடங்கிய புற்று இப்போது எங்கெங்கோ பரவிவிட்டது. நான்தான் போய்க் குட்டிகளைப் புதைத்தேன்.

மத்தியானம் நெவில் போன் செய்தான். எங்கள் ஊர்க் கால்பந்து கிளப்பின் தலைவர். கெல்லோடு ஒரே வகுப்பில் படித்தவன்.

"எண்பத்தொம்பது டீம் மொத்தமும் இருபத்தேழாம் தேதி வருது லொர்னா. முப்பது வருஷம் ஆச்சுல்ல. அடுத்த வருஷம் நம்ம கிளப்பே இருக்காது, பக்கத்து ஊர் கூலாராவோட சேர்த்துடறாங்க. கெல் இல்லாம எப்படி?"

கெல்லிடம் சொன்னேன். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

ஜூலை 5, வெள்ளி

அவிஸ் ஆட்டுக்கறி ஸ்டூ கொண்டுவந்தாள். கிளப் சமையலறையில் அவளும் நானும் எத்தனை வருடம் சேர்ந்து ரொட்டிக்கு வெண்ணெய் தடவியிருக்கிறோம். கெல் காதில் விழாமல் வாசலுக்குக் கூட்டிப்போய்ச் சொன்னாள்.

"கூட்டிட்டுப் போகாதடி. அவனுங்க வாய் சும்மா இருக்காது."

தெரியும். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

ஜூலை 8, திங்கள்

கெல்லுக்கு வலி. ஒன்றும் எழுத முடியவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

மழை. கெல் சூப் கொஞ்சம் குடித்தான். பிறகு, நான் கேட்காமலே, அந்த எண்பத்தொம்பது இறுதிப்போட்டியைப் பற்றிப் பேசினான். இந்த வீட்டில் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. நானும் இந்த நோட்டுகளில் எழுதியதில்லை. இப்போது எழுதிவிடுகிறேன்.

அந்த வருடம் இறுதிப்போட்டி எங்கள் மெரிப் மைதானத்தில்தான். எப்போதும்போல் கார்கள் எல்லைக்கோட்டைச் சுற்றி, மூக்கை உள்ளே நீட்டி, வரிசையாக நின்றன. நாங்கள் கோல் விழுந்தால் கை தட்டமாட்டோம், ஹாரன் அடிப்போம். கடைசி நிமிடங்கள். கூலாராவைவிட நான்கு புள்ளி முன்னால் இருந்தோம். நான் சமையலறையில் ஸ்கோன் ரொட்டிக்கு ஜாம் தடவிக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியே கெல்லின் முதுகு தெரிந்தது. கோலுக்கு முன்னால் நிற்கும் கடைசித் தடுப்பாட்டக்காரன் அவன்தான்.

நேரம் பார்ப்பவர்களின் குடிசைக்குப் பக்கத்தில் ஒரு கார் ஹாரனை அழுத்தியது. அவ்வளவுதான், மைதானமே பிடித்துக்கொண்டது. ஜெயித்துவிட்டோமாம். அந்த இரைச்சலுக்கு அடியில்தான் ஆட்டம் முடிந்ததற்கான சைரன் அடித்தது. அடித்தது சத்தியம். குடிசைக்கு நேர் எதிரே நின்ற கெல்லுக்குக் கேட்டது. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றுவிட்டான். அம்பயர் தூரத்தில் இருந்தார், அவருக்குக் கேட்கவில்லை. அம்பயர் காதில் விழும்வரை ஆட்டம் ஆட்டம்தான், அதுதான் சட்டம். கூலாராக்காரனுக்கும் கேட்கவில்லை. அவன் கெல்லைத் தாண்டி ஓடிப் பந்தை எடுத்து உதைத்தான். எங்கள் ஆட்டத்தில் ஒரு கோலுக்கு ஆறு புள்ளி. இரண்டு புள்ளியில் தோற்றோம்.

அதற்குப் பிறகு மெரிப் ஓர் இறுதிப்போட்டிக்கும் போகவில்லை.

ஹாரன் அடித்த ஒருவரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. எப்படித் திறப்பார்கள்? எல்லாரும்தானே அடித்தார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். ‘கெல் நின்னுட்டான்’ — அதுதான் ஊர் சொன்ன தீர்ப்பு. அப்புறம் அது கேலியாகிவிட்டது. ரொட்டிக்கடையில் சில்லறை தேடி நின்றால், "என்ன கெல், சைரன் அடிச்சிடுச்சா?" மகள் கல்யாணத்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சர்ச் வாசலில் ஒரு கணம் தயங்கினான், பின்னால் இருந்து ஒரு குரல், "சைரன் அடிச்சிடுச்சா?" சிரித்தார்கள். கெல்லும் சிரித்தான். ஒவ்வொரு தடவையும் சிரித்தான், அதுதான் எனக்கு ஆறாது.

அந்த வாரமே அவன் தன் பிக்கப் வண்டியில் ஹாரன் கம்பியைப் பிடுங்கிவிட்டான். வண்டிகள் மாறின. ஒவ்வொன்றிலும் பிடுங்கினான். கங்காரு குறுக்கே வந்தாலும் எங்கள் வண்டி வாயைத் திறக்காது.

இன்று சொன்னது இதுதான்:

"மொதல்ல அடிச்சது நெவில். பச்சைக் கார். நான் பாத்தேன் லொர்னா. மொழங்கால் போயி அந்த வருஷம் அவன் ஆடல. ஜன்னல் வழியா பாதி உடம்பு வெளிய, ஒரு கை ஹாரன் மேல. என்னைப் பாத்துக்கிட்டே அடிச்சான். அவனுக்கும் தெரியும், நான் பாத்தேன்னு."

"இத்தனை வருஷமா ஏன் சொல்லல?"

"நான் கேட்டு வாங்கினா அதுல என்ன இருக்கு? அவனா சொல்லணும்."

பிறகு, கண்ணை மூடிக்கொண்டு: "போலாம். இருபத்தேழாம் தேதி போலாம்."

அதற்காகத்தான் போகிறான். சாவதற்குள் அந்த ஒரு வார்த்தையை அந்த ஒருவன் வாயால் கேட்க. அடக் கடவுளே, எத்தனை சின்ன ஆசை.

ஜூலை 22, திங்கள்

நெவிலுக்கு நானே போன் செய்து சொல்லிவிடலாமா என்று இரண்டு தடவை போன் எண்ணை அழுத்திவிட்டுக் கீழே வைத்துவிட்டேன். அவனா சொல்லணும் என்றானே.

பெர்த்திலிருந்து மகள்: "அப்பாவக் கூட்டிட்டுப் போகாதம்மா. குளிர்ல என்னத்துக்கு?" உன் அப்பாவுக்கு அங்கே ஒரு வேலை இருக்கிறது என்றேன்.

ஜூலை 27, சனி

போனோம்.

பழைய ஆட்டக்காரர்களுக்கெல்லாம் கிளப் பனியன் கொடுத்தார்கள். கெல்லின் தோளில் அது ஆணியில் மாட்டியதுபோல் தொங்கியது. அவிஸ் வந்து பின்பக்கம் ஊக்கு குத்திவிட்டாள். மத்தியானச் சாப்பாட்டில் நெவில் கெல்லுக்குப் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தான். மழையைப் பற்றிப் பேசினான். ஆட்டு விலை, விதைப்பு, யாரோ வாங்கிய புது அறுவடை இயந்திரம். கெல் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நெவில் இரண்டு தடவை ஏதோ ஆரம்பித்தான். இரண்டு தடவையும் பீர் எடுக்க எழுந்து போனான்.

அன்றைய ஆட்டத்தின் இடைவேளையில் எண்பத்தொம்பது டீமை மைதானத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். நெவில் மைக்கைப் பிடித்து ஒவ்வொரு பெயராக வாசித்தான். கெல் கடைசி. நெவில் மைக்கை வாயிலிருந்து இறக்கிக் கெல்லைப் பார்த்தான். இதோ சொல்லப்போகிறான் என்று நினைத்தேன். கெல்லும் அப்படித்தான் நினைத்திருப்பான், நிமிர்ந்து நின்றான்.

"நம்ம ஃபுல்பேக் கெல்... ஏம்ப்பா, ஓடு ஓடு, சைரன் இன்னும் அடிக்கல."

சிரிப்பு. பிறகு ஹாரன்கள். வட்டமாக நின்ற கார்கள் அத்தனையும், வாழ்த்துகிறார்களாம். கெல் என்ன செய்தான் தெரியுமா? அன்று தூக்கியதுபோலவே இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றான். சிரித்துக்கொண்டே. ஊரே விழுந்து விழுந்து சிரித்தது.

வண்டியில் ஏறியதும், "நல்லா இருந்துச்சு" என்றான். கேட் தாண்டியதும் நிறுத்தச் சொன்னான். கதவைத் திறந்து சாலையோரம் வாந்தி எடுத்தான். அந்தப் பனியனாலேயே வாயைத் துடைத்துக்கொண்டான்.

ஜூலை 28, ஞாயிறு

பனியனைத் துவைத்தேன். ஏன் துவைத்தேன்? அடுப்பில் போட்டிருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

தினமும் பாலுக்கு வரும் பூனையைக்கூட விசாரிக்கிறான். நெவிலைப் பற்றி மட்டும் கேட்பதில்லை. ஆனால் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் தலை திரும்புகிறது. அவிஸ், நர்ஸ், கால்நடை மருந்துக்காரர். ஒவ்வொரு முறையும் நான் போய்ப் பார்த்துவிட்டு யார் என்று சொல்கிறேன். அவன் "சரி" என்கிறான்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

நேற்று என்னால் பொறுக்க முடியவில்லை. நெவிலுக்கு போன் செய்தேன். வந்து பார்த்துட்டுப் போ, அவ்வளவுதான் சொன்னேன். வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"வரேன் லொர்னா. வியாழக்கிழமை கண்டிப்பா வரேன்."

ஆகஸ்ட் 15, வியாழன்

வரவில்லை. கெல்லுக்குச் சவரம் செய்து, புதுச் சட்டை போட்டு வைத்திருந்தேன்.

ஆகஸ்ட் 19, திங்கள்

விடிகாலையில் போய்விட்டான். ஜன்னலுக்கு வெளியே மாக்பைப் பறவை கத்திக்கொண்டிருந்தது.

ஆகஸ்ட் 21, புதன்

இன்று நெவில் வந்தான். தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே நின்றான். உட்காரச் சொல்லவில்லை, தேநீர் போடவுமில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு மனிதனுக்குத் தேநீர் போடாமல் இருந்தேன்.

"கெல்ல மைதானத்தைச் சுத்திக் கொண்டுபோகணும். வழக்கம் இருக்குல்ல. கார் எல்லாம் வட்டமா நிக்கும், ஹாரன் அடிச்சு வழியனுப்புவோம்."

"ஒரு ஹாரன் சத்தம் கேட்டாலும் அந்த இடத்துலயே வண்டிய நிறுத்தி எல்லாரையும் வெளிய போகச் சொல்வேன், நெவில்."

என் முகத்தைப் பார்த்தான். எனக்குத் தெரியும் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. தொப்பியைச் சுற்றுவதை நிறுத்தினான். அவன் கன்னம் துடித்ததைப் பார்த்தேன். எனக்கு இரக்கம் வரவில்லை. வந்திருக்க வேண்டுமோ? தெரியவில்லை, வரவில்லை.

"சரி, ஹாரன் வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

சர்ச் முடிந்து மைதானம். நானும் மகளும் சவ வண்டிக்குப் பின்னால். கார்கள் அன்று நின்றதுபோலவே சுற்றிலும் மூக்கை உள்ளே நீட்டி நின்றன. ஆட்கள் கதவுக்குப் பக்கத்தில் இறங்கி நின்றார்கள். வண்டி மெல்ல ஊர்ந்தது. ஒரு சத்தமில்லை. சக்கரத்துக்கு அடியில் ஈரப்புல் நசுங்குவது கேட்டது.

கெல் அன்று நின்ற இடத்தை நெருங்கியபோது சைரன் அடித்தது.

திடுக்கிட்டுத் திரும்பினேன். நேரம் பார்ப்பவர்களின் குடிசையில் நெவில், பொத்தானில் கையை வைத்துக்கொண்டு. நான் கேட்கவில்லை, யாரும் அவனிடம் சொல்லவில்லை. நீளமாக அடித்தான். தானியக் கிடங்கு வரைக்கும் போய் மோதித் திரும்பியது. எல்லாருக்கும் கேட்டது. அவிஸ் சத்தம் போட்டு அழுதாள்.

பச்சைக் கார் விஷயத்தை மகளிடம் சொன்னேன், நெவிலால் முடிந்தது அதுதான் என்றாள். இருக்கலாம். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். கேட்க வேண்டிய காது பெட்டிக்குள் இருந்தது.

செப்டம்பர் 14, சனி

எந்த ஊரிலோ இறுதிப்போட்டி. ரேடியோவைப் போடவில்லை. வேலிக் கம்பி கட்டினேன்.

அக்டோபர் 9, புதன்

பிக்கப்பை என் பெயருக்கு மாற்ற வேண்டும், அதற்கு வண்டிச் சோதனை. மெக்கானிக் தலையை நீட்டி, "ஹாரன் வேலை செய்யல லொர்னா, அது இல்லாம பாஸ் பண்ண முடியாது" என்றார். கம்பியை மாட்டினார். ஒரு தடவை அழுத்திப் பார்த்தார். நான் வெளியே போய் நின்றுகொண்டேன்.

நவம்பர் 27, புதன்

அறுவடை மும்முரம். நம் கோதுமையை ஏற்றிப்போகும் டிரைவருக்கு மத்தியானச் சாப்பாடு கொடுக்கக் கிடங்குக்குப் போனேன். லாரிகள் சாலை வரைக்கும் வரிசை. என் பிக்கப்பை ஓரமாக நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். வெயில் தாங்கவில்லை. முன்னால் டிரைவர்கள் நிழலில் கும்பலாக நின்று பேசிக்கொண்டிருந்தார்கள், அவர்களில் நெவிலும் இருந்தான்.

வரிசை நகர்ந்தது. ஒருவன் போனைப் பார்த்துக்கொண்டு லாரியை எடுக்காமல் இருந்தான். கும்பலில் இருந்து ஒருத்தன், இந்த ஊர்க்காரன்கூட இல்லை, அறுவடைக்கு வந்தவன், இருபத்தைந்து வயதிருக்கும், கத்தினான்:

"டேய், என்னடா கெல் போடற? சைரன் இன்னும் அடிக்கல, எடுடா."

‘கெல் போடற.’ கெல் என்று ஒரு மனுஷன் இருந்தான் என்றே அவனுக்குத் தெரியாது. எங்கேயோ பொறுக்கிக்கொண்ட ஒரு சொல். எல்லாரும் சிரித்தார்கள். பழக்கம், சிரிப்பு வந்துவிடுகிறது.

என் கை ஹாரன்மேல் போனது எனக்குத் தெரியாது. அழுத்தினேன். அழுத்திக்கொண்டே இருந்தேன். கும்பல் திரும்பியது. யார் வண்டி என்று பார்த்ததும் சிரிப்பு நின்றது. ஒருத்தர் காதைப் பொத்திக்கொண்டார். நான் கையை எடுக்கவில்லை. முப்பது வருடமாக எங்கள் வீட்டில் அடிக்காத ஹாரன் அத்தனையும் சேர்த்து அடித்தேன்.

நெவில் தொப்பியைக் கழற்றினான். அந்த இளைஞனின் தோளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினான். பிறகு எல்லாரையும் பார்த்துப் பேசத் தொடங்கினான். ஒரு கையை இப்படி முன்னால் நீட்டி, அழுத்துவதுபோல் காட்டினான். தன் நெஞ்சில் குத்திக்கொண்டான். முகமெல்லாம் நனைந்திருந்தது. வாய் அசைவது தெரிந்தது. நீளமாகப் பேசினான். ஒரு வார்த்தைகூட எனக்குக் கேட்கவில்லை.

நான் கையை எடுத்தபோது அவன் சொல்லி முடித்திருந்தான்.