காணிக்கைப் பாட்டுக்கு வந்த மெட்டு

போன ஞாயிற்றுக்கிழமை உன் மகள் வந்தாள். வந்ததும் வராததுமாக ஒரு சிடியை எங்கள் சாப்பாட்டு மேசைமேல் வைத்து, "அங்கிள், இதைக் கேளுங்க" என்றாள். தமிழ் புரிந்தும் இங்கிலீஷிலேயே பதில் சொல்கிற பெண் தமிழில் பேசியதும் நான் டிவியை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

அதில் இரண்டே பாட்டு, அவளே பதிவு செய்தது. முதலாவது, ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஜெர்சி சிட்டியில் எந்தக் கார் கடந்து போனாலும் அதிர்ந்த அந்த ராப் பாட்டு. இரண்டாவது ஒரு பழைய சோல் பாட்டு, கறுப்பினப் பாடகி ஒருத்தி பாடியது. நீயும் நானும் அரை டிராயரில் திருச்சியில் திரிந்த காலத்தில் இங்கே அமெரிக்காவில் வெளிவந்தது. விட்டுப் போகாதே என்று ஒரு பெண் கெஞ்சுகிறாள். அவள் பாடத் தொடங்குமுன் ஆர்கன் நாலு படி ஏறி, ஒரு மூச்சு நின்று, பிறகு மெதுவாக இறங்குகிறது. அடப்பாவி! அது நீ மெட்டுப் போட்ட காணிக்கைப் பாட்டு. மாதம் ஒரு சனிக்கிழமை, இரவல் வாங்கிய மாதா கோவிலில் நடக்கும் நம் தமிழ்ப் பூசையில் நீ கீபோர்டு வாசிக்க நாங்கள் உருகி உருகிப் பாடிய அதே மெட்டு. ராப்காரன் வெட்டி எடுத்துத் தன் பாட்டில் ஒட்டியிருந்ததும் அந்த நாலு படியைத்தான்.

"அப்பா காப்பி அடிச்சாரா?" என்று கேட்டாள்.

உன்னிடம் கேட்க வேண்டிய கேள்வி. நீ கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகிவிட்டது, என்னிடம் வந்து நிற்கிறது. வந்ததும் சரியான இடத்துக்குத்தான், ஏனென்றால் இந்தக் கூத்தை ஆரம்பித்தவன் நான்.

உன்னைப் பூசைக்கு ஏற்றிக்கொண்டு போன அன்று என் கார் ரேடியோவில் அந்த ராப் முதல்முறை வந்ததே, நினைவிருக்கிறதா? சிக்னலில் காரை நிறுத்தி ஸ்டியரிங்கைத் தட்டினேன். "டேய், உன் டியூனைச் சுட்டுட்டான்டா!" நீ ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "அப்படியா?" என்றாய். அவ்வளவுதான். பூசை முடிந்து கீழ்த்தளத்தில் எல்லோரும் பிரியாணித் தட்டோடு நின்றபோது நான் நாற்காலிமேல் ஏறாத குறை. "நம்ம ஆள் போட்ட மெட்டை அமெரிக்காக்காரன் அடிச்சுட்டான்!" டாக்டர் ஒருவர், "லாயர்கிட்ட பேசலாமே" என்றுகூடச் சொன்னார். நம்முடைய நாற்பது குடும்பம் பாடுகிற பூசைக்கு எந்த ராப்காரன் வந்து உட்கார்ந்து கேட்டான் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான். அடுத்த மாதம் பாட்டுத்தாளை டைப் பண்ணியபோது அந்தப் பாட்டின் கீழே 'இசை' என்று போட்டு உன் பெயரைப் போட்டேன். அப்போது ஒன்பது வயதான உன் மகள் அதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் எல்லோருக்கும் காட்டினாள்.

இப்போது உட்கார்ந்து யோசிக்கிறேன். ஜெர்சி சிட்டி ஜர்னல் ஸ்கொயரில் உன் முதல் வீடு முடிவெட்டும் கடைக்கு மேலே இருந்தது. காலையில் ஷட்டர் ஏறியதும் பழைய சோல் பாட்டுகளும் ஏறிவரும். "எனக்கு அலாரமே வேண்டாம்டா" என்பாய். அப்படித்தான் உனக்கே தெரியாமல் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டதா? தெரியாது என்றால், அப்புறம் யார் அந்தப் பாட்டைக் கேட்டாலும் "வேற பாடலாமே" என்று ஏன் நழுவினாய்? தெரியும் என்றால், நாலு வருஷம் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு எப்படியடா வாசித்தாய்? எந்தப் பக்கம் திரும்பினாலும் இடிக்கிறது. உன்மேல் கோபம் வருகிறது. கோபப்பட்ட கையோடு உன்னைப் பார்க்க வேண்டும் போலவும் இருக்கிறது.

உன் மகள் இன்னும் நாலு பாட்டில் அந்த ஆர்கனைக் கண்டுபிடித்திருக்கிறாள். நாங்கள் டிவியில் தினம் கேட்கிற ஒரு விளம்பரத்தில்கூட இருக்கிறதாம். அந்தக் குரலே கறுப்பின மக்களின் சர்ச்சில் வளர்ந்து காதல் பாட்டுக்கு வந்தது என்றாள். அதை நீ மறுபடியும் பீடத்துக்கு முன்னால் கொண்டுபோய் வைத்திருக்கிறாய். எனக்கு ஒரு நிமிஷம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அவளுக்கு இல்லை. "ராப்காரன்கூட ஒரிஜினல் யாரோடதுன்னு கவர்ல போட்டிருக்கான், அங்கிள். அப்பா போடல."

"அப்பா பேரைப் போட்டது நான்மா" என்றேன்.

"தென், ஒய் டிட்ன்ட் ஹி ஸே சம்திங்?"

"தெரியலம்மா" என்றேன். பொய் சொன்னேன்.

பாட்டுத்தாளில் உன் பெயர் வந்த அன்று, பூசை முடிந்து கீழ்த்தளத்தில் ஏதோ ஒரு குழந்தையின் ஞானஸ்நானக் கேக் வெட்டினார்கள். நீ கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் முழங்கையைப் பிடித்தாய். "டேய், அந்தப் பாட்டு விஷயமா..." என்று ஆரம்பித்தாய். நான் கேக்கில் ஒரு பெரிய துண்டை எடுத்து உன் வாயில் திணித்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். மீசையெல்லாம் கிரீமாக நீ மென்றுகொண்டே சிரித்தாய். அப்புறம் நீ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வரும் சனிக்கிழமை பூசை முடிந்ததும் எழுந்து நின்று, அந்த மெட்டு எங்கிருந்து வந்தது என்று நாற்பது குடும்பத்துக்கும் சொல்லப்போகிறேன். அது எனக்குப் பெரிய விஷயமில்லை, நாலு பேர் சிரிப்பார்கள். அதற்கு முன்னால் உன் மகளைத் தனியாக உட்கார வைத்து, உன் அப்பா சொல்ல வந்தான், நான்தான் விடவில்லை என்று சொல்ல வேண்டும். என்ன சொல்ல வந்தார் என்று அவள் கேட்பாள்.