மூன்றாவது கோப்பை

அன்புள்ள அப்பாவுக்கு, முழங்கால் வலி குறைந்ததா? வெர்மான்டில் நான் நலம்.

நேற்று எங்கள் மதுக்கூடத்தில் இந்த ஆண்டுப் பூசணி பியர்களைச் சுவைத்து ஒப்பிட்டோம். முதலாவதில் இனிப்பு அதிகம், இரண்டாவதில் கிராம்பு தூக்கல். மூன்றாவதைக் குடித்ததும் எனக்கு வால்நட் ருசி தட்டியது. முதலாளி லொரெய்னுக்கு அந்தக் கொட்டை ஒவ்வாது, துளி பட்டாலும் தொண்டை அடைத்துவிடும். அவரோ கோப்பையை உதட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். கோப்பையை ஓங்கித் தட்டிவிட்டேன். லொரெய்ன் கத்தினார்:

"பைத்தியமாடி உனக்கு?"

"அதுல வால்நட் இருக்கு!"

அதைக் காய்ச்சிய ஹார்லனின் முகம் வெளுத்தது. "ருசிக்கு ஒரு பிடி போட்டேன்... சொல்ல மறந்துட்டேன்."

லொரெய்ன் என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை.

பயப்படாதீர்கள், யாருக்கும் ஒன்றுமில்லை. கம்பளிக் காலுறை அனுப்புங்கள். ஞாயிறன்று கூப்பிடுங்கள். பேச விஷயம் இல்லாவிட்டால் டிவியை ஓடவிட்டு போனைப் பக்கத்தில் வையுங்கள், போதும். கடை திறக்க நேரமாகிவிட்டது.

உங்கள் அடெல்