காட்டுக்குள் முள் சுமந்த குற்றம்

அனுப்புநர்:
அ. தைரியநாதன், விவசாயி,
கரட்டுப்பட்டி, ஆவூர் வழி.

பெறுநர்:
மாவட்ட கலெக்டர் அவர்கள்,
திருச்சிராப்பள்ளி.

பொருள்: வடக்குக் காட்டில் முள் திருடியதாக என் மனைவி மீது போட்ட வழக்கை ரத்து செய்யக் கோருவது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சமஸ்தானம் இருந்த நாளிலிருந்து எங்கள் ஊர் விறகு வெட்டுவது வடக்குக் காட்டில்தான். காட்டை ஏழு பங்காகப் பிரித்து, ஆண்டுக்கு ஒரு பங்கில் மட்டும் அரிவாள் வைப்போம். உசிலை மரத்தை முழங்கால் உயரத்தில் வெட்டி, அடிக்கட்டையை விட்டுவிடுவோம். விறகு எடுத்த வீடு எதுவோ, அதுவே தன் வயலோரத்து உடைமுள்ளைச் சுமந்து வந்து அந்தக் கட்டைகளைச் சுற்றி அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் துளிரை வெள்ளாடு விட்டுவைக்காது. எட்டாம் ஆண்டு திரும்பிப் போனால் அங்கே மறுபடியும் விறகு நிற்கும்.

2. சென்ற மாதம் என் மனைவி சந்தனமேரி தலையில் முள்கட்டுடன் காட்டுக்குள் போனாள். பாரஸ்ட் கார்டு மறித்து, திருட்டு முள் என்று வழக்கு எழுதி, முள்ளையும் அரிவாளையும் பறித்துக்கொண்டார். முள் எங்கள் வயலுடையது என்று அவள் அழுது சொல்லியும் கேட்கவில்லை. "காட்டுலேருந்துதான் களவாண்டுக்கிட்டு வருவாங்க. காட்டுக்குக் கொண்டுபோயிக் குடுப்பாங்களாக்கும்?" என்று சிரித்தாராம். அவள் எந்தப் பக்கம் பார்த்து நடந்தாள் என்பதுகூடவா அவர் கண்ணுக்குத் தெரியவில்லை? திருடி என்ற பெயரோடு பூசைக்குப் போகக் கூசி, அன்றிலிருந்து வீட்டுக்குள்ளேயே கிடக்கிறாள்.

3. ஏற்கெனவே அடைத்திருந்த முள்ளையும் ஆக்கிரமிப்பு வேலி என்று சொல்லிப் பிரித்து எரித்துவிட்டார். அன்று சாயங்காலமே ஆடுகள் இறங்கிவிட்டன. இது போதாதென்று, காட்டை ஏலம் எடுத்த குத்தகைதாரரின் ஆட்கள் கரி சுடுவதற்காக அடிக்கட்டைகளை வேரோடு தோண்டுகிறார்கள். கார்டு அவர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து பீடி குடிக்கிறார். வேர் போன இடத்தில் எந்த மழைக்கு எது துளிர்க்கும்?

4. ஆகவே வழக்கை ரத்து செய்து, அரிவாளைத் திருப்பித் தந்து, வேர் தோண்டுவதை மழைக்கு முன் நிறுத்த உத்தரவிட வேண்டுகிறேன்.

5. வரும் 21-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், ஊரில் நடக்க முடிந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு முள்கட்டுடன் காட்டுக்குள் போகிறோம். முன்னால் போகிறவள் சந்தனமேரி. அது குற்றமானால், எங்கள் அத்தனை பேரையும் ஏற்றிச் செல்லப் போதுமான லாரிகளை அனுப்பிவைக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: கரட்டுப்பட்டி
தேதி: 11-10-1956

இப்படிக்கு, நீதி கிடைக்கும் என்று இன்னும் நம்பும்,
அ. தைரியநாதன்